எசேக்கியாவின் சுரங்கத்தில்

எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் சரிவில், கீகோன் ஊற்றுக்கு இறங்கும் படிகளின் அடியில் கைவிளக்குடன் நீருக்குள் கால் வைத்தபோது, அதன் குளிர்ச்சியில் வாயிலிருந்த ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. தொடக்கத்தில் தொடை வரை இருந்த நீர் விரைவில் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுள்ள அந்த இருட்டில் ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்க முடியும்.

ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவர யூதாவின் அரசன் எசேக்கியா இந்தச் சுரங்கத்தை வெட்டுவித்தான் என்று வேதம் கூறுகிறது. அவன் தகப்பன் ஆகாஸ் காலத்திலேயே யூதா அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் நாடாகிவிட்டது. வடக்கே இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. எசேக்கியா கப்பத்தை நிறுத்தவே, கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்து வந்து, 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகவும் தன் கல்வெட்டில் எழுதிவைத்தான். நகரைப் பிடித்ததாக மட்டும் அவன் எழுதவில்லை.

உள்ளே ஓரிடத்தில் உளித் தடங்கள் திசை மாறுகின்றன. இரு முனைகளிலிருந்தும் குடைந்துவந்தவர்கள் சந்தித்த இடம் அது. மூன்று முழம் மீதமிருக்கையில் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் கேட்டதாக, 1880இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டு கூறுகிறது. அதன் ஆறு வரிகளில் அரசன் பெயரும் இல்லை, ஆண்டவர் பெயரும் இல்லை. கல் வெட்டியவர்களின் குரல்தான் இருக்கிறது. அந்தத் தடங்களில் விரல் வைத்தபோது, ஆலயத்தின் எந்தப் பீடத்தின் முன்னும் வராத நடுக்கம் எனக்கு அங்கே வந்தது.

சீலோவாம் குளத்தருகே வெளிச்சத்துக்கு வந்ததும், எங்கள் போதகர் 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை, தேவதூதன் ஒரே இரவில் அசீரியப் படையில் 1,85,000 பேரைச் சங்கரித்த பகுதியை, வாசிக்க எடுத்தார். பிரசங்கங்களில் நாம் கேட்பதும் பெரும்பாலும் அதுதான். அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசிக்கும்படி தயங்கியபடியே கேட்டேன். லாகீசில் இருந்த அசீரிய ராஜாவுக்கு, "நான் குற்றஞ்செய்தேன்" என்று எசேக்கியா ஆளனுப்பியதும், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் செலுத்துவதற்காகக் கர்த்தருடைய ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்ததும் அதில்தான் இருக்கின்றன.

போதகர் மறுக்காமல் இரண்டு அதிகாரங்களையும் வாசித்தார். கதவுகளைப் பற்றிய வசனம் வந்தபோது, என் பக்கத்தில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த மூதாட்டி கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.