வடக்கன்குளத்திலிருந்து காற்றாடிமலைக்கு ஒரு தவக்கால நடை

தவக்காலச் சிலுவைப் பாதையில் சிலுவை சுமக்க இந்தத் தடவை சீட்டுக் குலுக்கினார்கள். வழக்கமாக ஒரு ஸ்தலத்துக்கு, அதாவது ஆண்டவரின் பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்கிற ஓர் இடத்துக்கு, ஒரு அன்பியம், அதாவது தெருவாரியான ஒரு ஜெபக்குழு, என்று பிரித்துவிடுவார்கள், அந்தந்தத் தெருக்காரர்கள் வந்து தோள் கொடுப்பார்கள், முடிந்ததும் அவரவர் ஆட்களோடு போய் நின்றுகொள்வார்கள். கேட்டால் வசதிக்காக என்போம். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் தெருவைச் சொன்னாலே சாதியைச் சொன்ன மாதிரிதான், எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பங்குச்சாமிதான் பிடிவாதமாக நின்றார். 14 ஸ்தலம், ஸ்தலத்துக்கு 2 பேர், 28 பேரையும் சீட்டே முடிவு பண்ணட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு விழுந்தது ஒன்பதாம் ஸ்தலம், ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுகிற இடம். என்னோடு கீழத்தெருவைச் சேர்ந்த கொத்தனார் அண்ணாச்சி ஒருவர். இருபது வருடமாக ஞாயிறு பூசையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை.

தவக்காலம் எங்கள் பங்கில் நன்றாகவே நடக்கும், அதில் குறை சொல்ல முடியாது. போன வருடத்துக் குருத்தோலையை வீட்டுச் சிலுவைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம், அதை எரித்த சாம்பல்தான் விபூதிப் புதன் அன்று நெற்றிக்கு வரும். அன்றும் பெரிய வெள்ளி அன்றும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் நோன்பு. வெள்ளிக்கிழமை எல்லாம் சுத்தபோசனம், இறைச்சி கிடையாது. எங்கள் அம்மை காலத்துப் பெண்கள் நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பார்கள், இப்போதும் நாலைந்து பேர் பிடிக்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே நமக்குக் காப்பி குடிக்க மனசு வராது. வெள்ளி மாலை சிலுவைப் பாதை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கஞ்சியும் துவையலும். ஒரு வாரம் ஒரு தெரு முறை.

இதில் ஒன்றை எழுதாமல் போனால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவதே பொய்யாகிவிடும். கீழத்தெரு முறை வருகிற வெள்ளியில் பானையில் கஞ்சி மிஞ்சும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்கு மட்டும் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். நானும் அப்படிக் கிளம்பிப் போனவன்தான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பங்குனி பிறந்து முதல் சனிக்கிழமை, விடியுமுன்னே 2 பஸ்ஸில் கிளம்பி வடக்கன்குளம் போய் இறங்கினோம். புனித தேவசகாயம் 1745 மே 14-ந் தேதி ஞானஸ்நானம் பெற்ற ஊர். நட்டாலத்தில் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர், டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன, பைபிளில் வரும் யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பியவர். இங்கே வந்துதான் நீலகண்டன் தேவசகாயமானார். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பேர் வாங்கினார். கல்யாணம் ஆனவர், குருவும் இல்லை, துறவியும் இல்லை. நம்மைப் போல உத்தியோகம் பார்த்துக் குடும்பம் நடத்திய ஒருவரைத்தான் 2022 மே 15-ல் புனிதர் என்று அறிவித்துப் பீடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். நமக்குச் சாக்குச் சொல்ல வழி இல்லை.

கோயிலுக்குள் ஜெபம் முடிந்தபிறகு எங்கள் உபதேசியார் பழைய கதையைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி, இரண்டு கிளையாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு கிளையில் ஒரு சாதி, இன்னொரு கிளையில் இன்னொரு சாதி. இரண்டு பக்கத்தாருக்கும் பூசை தெரியும், ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவில் இருந்த சுவரை 1910-ல் கௌசானல் சாமி இடித்தார், வழக்கு கோர்ட்டு வரைக்கும் போனது. உபதேசியார் இதைச் சொல்லும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவசகாயம் மேல் அன்றைய மேல்சாதியாருக்கு வந்த கோபத்திலும் இது ஒரு பங்கு, எல்லாரோடும் கலந்து பழகினார், ஏற்றத்தாழ்வு பார்க்கவில்லை. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பேருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தையும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வரும்போது கொத்தனார் அண்ணாச்சி பின்தங்கி நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்து, விரல் மொட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் கட்டு. இடிக்கப் பெரும் பாடு பட்டிருப்பாவ," என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அங்கிருந்து நடை. செருப்பை பஸ்ஸிலேயே விட்டாச்சு. வேப்பமரச் சிலுவை, ஆறு ஏழு வருடம் காய்ந்தும் கனம் குறையாதது. காவல்கிணறு வரை காலை வெயில் இதமாக இருந்தது, பாட்டும் நன்றாக வந்தது. "உமது பாரமான சிலுவையினாலே உலகத்தை மீட்டு இரட்சித்தீரே" என்று ஒவ்வொரு ஸ்தலத்திலும் தார் ரோட்டோரம் முழங்கால் போட்டு எழுந்தோம். ஏழு எட்டு ஸ்தலம் ஆகும்போது முப்பந்தல் வந்துவிட்டது. ஆடியில் ஆளையே தள்ளுகிற காற்று அடிக்கும் கணவாய் அது, பங்குனியில் ஓர் இலை அசையவில்லை. வரிசை வரிசையாகக் காற்றாலைகள், ஒன்றிரண்டு மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இசக்கியம்மன் கோயில் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தை வெளியே தூக்கி வைத்தார். "குடிச்சிட்டுப் போங்கய்யா, சாமி காரியமாப் போறிய," என்றார். ஒருசந்திக்காரர்களும் தண்ணீர் குடிக்கலாம், குடித்தோம்.

ஒன்பதாம் ஸ்தலம் அதற்கப்புறம்தான். நான் முன்னால், அண்ணாச்சி பின்னால். இருபது அடி நடப்பதற்குள் கட்டை தோள் எலும்பில் குத்த ஆரம்பித்தது, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு இடி. நான் வேகமாகப் போய் முடித்துவிடலாம் என்று எட்டி வைக்கிறேன், பின்னாலிருந்து மரம் இழுக்கிறது.

"எய்யா, ஓடாதிய. நில்லுங்க."

நின்றோம். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கி, சும்மாடு கூட்டுவது போல வளைத்து, என் தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் செருகினார். அந்தத் துண்டில் சிமெண்டு வாசமும் வேர்வை வாசமும் இருந்தது. அவர் தோளில் ஒன்றும் இல்லை.

"மூச்சைப் பிடிக்காதிய. நான் இடது காலு வைக்கும்போ நீங்களும் இடது. சாரத்துல பலகை தூக்குத மாதிரிதான்."

பிறகு அவர் மெதுவாக "இடது... இடது..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடித்துக்கொண்டிருந்த கட்டை அப்படியே அடங்கிவிட்டது. கனம் அதே கனம்தான், ஆனால் அது இரண்டு பேர்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. பின்னால் பெண்கள் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. மேலத்தெருக்காரன், கீழத்தெருக்காரர் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த மண்டைக்குள் அந்த நேரம் இடது, வலது தவிர ஒன்றும் இல்லை. முழங்கால் போடும் இடம் வந்து சிலுவையை அடுத்தவர்களிடம் கொடுத்தபோது, இன்னும் கொஞ்ச தூரம் தந்திருக்கலாமே என்று இருந்தது, உண்மையாகவே.

காற்றாடிமலைக்கு ஆரல்வாய்மொழி வழியாகப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். 1752 ஜனவரி 14-ல் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்து, வருடக்கணக்காகச் சித்திரவதை செய்து, கடைசியில் இந்தப் பாறைகளுக்கு நடுவில். இங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கலம் மாதிரி ஓசை வரும். அவர் உயிர் போன நேரத்தில் மணியாக ஒலித்தது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எல்லாரும் வரிசையில் நின்று தட்டினார்கள். எங்கள் தெருப் பெரியம்மை ஒருத்தி, எண்பது வயதை நெருங்குகிறவள், பேத்தியைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து, தட்டாமல் பாறைமேல் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். என்ன கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வியாகுல மாதா கோயிலில் மீதி ஸ்தலங்களை முடித்துவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்தோம். பஸ்ஸில் ஏறும்போதுதான் துண்டு என் தோளிலேயே கிடப்பதைக் கவனித்தேன்.

வீட்டில் துவைத்துக் காயப்போட்டு, அடுத்த வெள்ளி எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குக் கீழத்தெரு முறை. சிலுவைப் பாதை முடிந்து "மரித்த விசுவாசிகளின் ஆன்மாக்கள்" சொல்லி எழுந்ததும் வழக்கம்போல் சிலர் வண்டியை எடுத்தார்கள். நான் முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரியம்மையும் காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணாச்சி வாளியோடு வந்தார், துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலேயே அவர் வீட்டுக்காரம்மா தேங்காய்த் துவையலோடு வந்தாங்க. கையில் கரண்டியை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கி நின்றாங்க, நான் குடிப்பேனா மாட்டேனா என்று பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கஞ்சி சூடாக இருந்தது, சிறுபயறு குழைய வெந்து.

"உப்பு போதுமா?" என்றாங்க.

"போதும் மைனி. இன்னும் ஒரு கரண்டி கஞ்சி விடுங்க."