புத்தகத்தைப் படிக்காமல் வருகிற ஆள்

ரெண்டு வாரமாக ராத்திரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் லாரி கிங்கின் பழைய பேட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மாங்கு மாங்கென்று ஒரு புத்தகம் எழுதியிருப்பார், இவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார், அதைக் கூச்சமே இல்லாமல் வெளியிலும் சொல்லிக்கொள்வார். படித்துவிட்டு வந்தால் பார்ப்பவனைவிட நமக்கு அதிகம் தெரிந்துவிடும், அப்புறம் அவன் கேட்க நினைப்பது நமக்குத் தோன்றாது என்பது அவர் கட்சி. சோம்பேறித்தனத்துக்கு நல்ல சமாதானம் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் தொழில் பழகிய இடத்தைப் பார்த்தால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. 1957 மே 1, மயாமியில் ஒரு சின்ன வானொலி நிலையம். லாரி ஜைகர் என்ற பெயர் எடுபடாது என்று, நிகழ்ச்சிக்குச் சில நிமிடங்கள் முன்னால் மேலாளர் பேப்பரில் கிடந்த மதுக்கடை விளம்பரத்தைப் பார்த்து 'கிங்' என்று வைத்துவிட்டார். பாட்டு ஓடுகிறது, கிங் சத்தத்தைக் குறைக்கிறார், வாயில் வார்த்தையே வரவில்லை, திரும்பக் கூட்டுகிறார். மேலாளர் கதவை உதைத்துத் திறந்து கத்திய பிறகுதான், இன்றைக்குத்தான் முதல் நாள், பெயரே இப்போதுதான் வைத்தார்கள், பயமாக இருக்கிறது என்று உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறார். (அவரே பல தடவை சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும்.)

அப்புறம் பம்பர்னிக்ஸ் என்ற உணவகத்திலிருந்து நேரடி ஒலிபரப்பு. உள்ளே யார் வருகிறார்களோ அவர்தான் விருந்தினர், பரிமாறுகிறவர் உட்பட. ஒருநாள் பாடகர் பாபி டாரின் சும்மா நடந்து வந்தாராம். அங்கே என்னத்தைத் தயார் செய்வது?

நடுவில் 1971இல் பண விவகாரம் ஒன்றில் கைது, வழக்கு காலம் கடந்ததால் தள்ளுபடி, சில வருஷம் வேலையில்லை. 1978இல் நாடு முழுக்க நள்ளிரவு வானொலி, 1985 ஜூனில் சிஎன்என் செய்தித் தொலைக்காட்சி. அங்கே 2010 டிசம்பர் வரை.

அவர் கேள்விகள் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். 1992 பிப்ரவரியில் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரத் தொழிலதிபரிடம் அதிபர் தேர்தலில் நிற்பீர்களா என்று கேட்கிறார், பெரோ இல்லை என்கிறார். சரி என்று விட்டுவிடவில்லை. நிகழ்ச்சி முடியப் போகும்போது, எந்த நிலைமை வந்தால் நிற்பீர்கள் என்று லேசாக மாற்றிப் போடுகிறார். மக்களே 50 மாநிலங்களிலும் என் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினால் நிற்கிறேன் என்று பெரோ சொல்லிவிட்டார், அந்த வருஷத் தேர்தல் மும்முனைப் போட்டியானது. நானாக இருந்தால் கையில் இருக்கும் குறிப்பில் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

தயார் செய்யாமல் வரும் இதே பழக்கம் அவர் காலையும் வாரியிருக்கிறது. 2007இல் நகைச்சுவை நடிகர் ஜெரி சைன்ஃபெல்டிடம், உங்கள் தொடரைத் தொலைக்காட்சிக்காரர்கள் நிறுத்தவில்லையா, நீங்களாகத்தான் விட்டீர்களா என்று வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலிடத்தில் இருக்கும்போதே முடித்துக்கொண்ட தொடர் அது. சைன்ஃபெல்ட் பாதி சிரிப்பும் பாதி கடுப்புமாக, நான் யாரென்று தெரியுமா என்று கேட்டுவிட்டு, யாராவது என் பயோடேட்டாவைக் கொண்டுவந்து இவரிடம் கொடுங்கள் என்றார்.