கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.: விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, லேபுக்கு

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.க்கு முயற்சி செய்கிற பலரும் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து பத்துப் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது ஓரளவு சரிப்படும். இங்கே சரிப்படாது. பெரும்பாலான துறைகளில் மாணவரைப் பொறுக்குவது ஒரு தனிப் பேராசிரியர், அதுவும் தன் லேபுக்கு ஒருவரை. அவர் இந்த ஆண்டு ஆள் எடுக்கவில்லை என்றால் உங்கள் ஜிபிஏ எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான்.

அதனால் தேடலை ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் படித்த கட்டுரைகளில் கடைசிப் பெயரைப் பாருங்கள். சைக்காலஜியில் அது பெரும்பாலும் லேபின் தலைவர் பெயராக இருக்கும். அவருடைய கடந்த மூன்று ஆண்டுக் கட்டுரைகளையும் புரட்டுங்கள். பத்து வருடம் முன்பு பதற்றக் கோளாறில் பேர் வாங்கியவர் இன்று முழுக்கத் தூக்கம் பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கலாம். அடுத்து லேப் வலைப்பக்கம். வரும் ஆண்டுக்கு மாணவர் எடுக்கிறேனா இல்லையா என்று பலர் கோடையிலேயே போட்டுவிடுவார்கள். எந்த ஆண்டு என்று கவனித்துப் படியுங்கள். போன வருட அறிவிப்பு அழிக்கப்படாமலே கிடக்கும்.

பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் மெயில் போடலாம். ஐந்தாறு வரி போதும்: யார், இப்போது எந்த ஆய்வில் இருக்கிறீர்கள், அவருடைய எந்தக் கேள்வி உங்கள் கேள்வியைத் தொடுகிறது, மாணவர் எடுக்கிறாரா. கூடவே ஒரு சிவி. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, அவருடைய பல்கலைக்கழகத்தின் புகழைப் பாடும் மெயில் நாற்பது பேருக்குப் போனது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ‘டாக்டர்’ போட்டுக் குடும்பப் பெயர், அவ்வளவுதான். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். எல்லாருக்கும் சமமாக இருக்கட்டும் என்று யாருக்குமே பதில் போடாதவர்களும் உண்டு.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1-ஐ ஒட்டி வரும். விண்ணப்பத்தில் ஆளைக் கவிழ்ப்பது ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த லேப் என்று எழுதும் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்தான். ஆப்பிள்பி, ஆப்பிள்பி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை என்று சைக்காலஜி சேர்க்கைக் குழுக்களிடமே கேட்டது. சொந்த மனநலப் பிரச்சினையை விரித்து எழுதுவது, பிறருக்கு உதவுவதே என் லட்சியம் என்று உருகுவது, விண்ணப்பிக்கும் படிப்புத் திட்டத்தைப் பற்றித் தெரியாமல் எழுதுவது எல்லாம் அதில் வந்தன. நம்மவர்கள் முதல் பத்தியிலேயே இதில் இரண்டைச் செய்துவிடுகிறார்கள்.

வேண்டியது ஆராய்ச்சிக்காரரின் மூளை எப்படி ஓடுகிறது என்பது. ‘ஒரு லேபில் டேட்டா சேகரிப்பில் உதவினேன்’ என்ற வரி எதுவும் சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தினமும் இரவு மனநிலையைப் பதியச் சொன்னோம். மூன்றாம் வாரத்தில் பதில் நின்றுபோனவர்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன்; தொடக்கத்திலேயே அதிகம் சோர்ந்திருந்தவர்கள்தான் அவர்கள். அப்படியானால் சோர்வு குறைந்ததாக எங்கள் வரைபடம் காட்டியது நிஜமா?’ இந்தக் கேள்வியிலிருந்து அவருடைய லேபுக்கு நேராகப் பாதை போடலாம். உதவும் மனசைப் பற்றித் தனியாக எழுதத் தேவையே இல்லை.

இந்த மாதிரிப் பத்தி எழுத, கையில் சரக்கு வேண்டும். அமெரிக்க மாணவர்களே பி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். நம் ஊர் எம்.எஸ்ஸி. கவுன்சலிங் மணிக்கணக்கு அதை ஈடுகட்டாது.

சிபாரிசுக் கடிதம் மூன்று. ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிற ஹெச்ஓடி கடிதத்தைத் தவிர்க்கப் பாருங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உறைக்காமலா போகும்? உங்களை லேபில் பார்த்தவர் பதவியில் சின்னவராக இருந்தாலும் அவர் கடிதத்துக்குத்தான் எடை.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. ஏபிஏ என்கிற அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு திட்டமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று தன் வலைப்பக்கத்தில் போட வேண்டும். பாதியில் விட்டவர் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்றும் கேளுங்கள். பிஎச்.டி.க்குப் பதிலாக ஆராய்ச்சியைவிடச் சிகிச்சைப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் சை.டி. (PsyD) என்கிற தொழில்முறைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். விசாவில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் முடிச்சு: படிப்பின் கடைசியில் வரும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்புக்கு நிறைய இடம் வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் போனார்கள் என்று நேர்காணல் நாளில் மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். நிதியுதவியோடு இடம் வந்தால் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. இரண்டு இடம் கிடைத்தால் வேண்டாததை அன்றைக்கே விட்டுவிடுங்கள். அந்த லேபின் காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் மணிக்கொரு தரம் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.