மேலூர்ப் பையன்களின் லைன் கான்ட்ராக்ட்

அடுத்தவரிடம் கரண்ட் கம்பம் ஏறிக்கொண்டிருந்த எங்கள் மேலூர்ப் பையன்கள் மூன்று பேர் சொந்தமாக கரண்ட் லைன் கான்ட்ராக்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். லைசென்ஸும் வாங்கியாச்சு. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

முதல் காசில் வண்டி வாங்கவில்லை. கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு, பெல்ட், கையுறை வாங்கினார்கள். அதுதான் புத்தி. லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) கிடைத்தது, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் திறந்தாச்சு என்று உடனே ஏறிவிடக் கூடாது. எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால், கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்கு வந்துவிடும். டெஸ்ட் பண்ணி, மூன்று கம்பியையும் எர்த் பண்ணிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அதற்குக்கூட நேரம் தராமல் அவசரப்படுத்துகிறவர் வேலையே வேண்டாம், தம்பிகளா.

அப்புறம், பில் பாஸாக மாதக்கணக்கில் இழுக்கலாம். அதுவரை ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை எடுங்கள்.

கொட்டாம்பட்டி, மேலூர்ப் பக்கம் லைன் வேலை இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.