டிஸ்கின் நடுவுக்குக் காற்று

கட்டுகுருந்த ஓடுபாதையில் கார் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து பிரேக்கைப் பற்றிப் பேசினால், பேச்சு, சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டைக் கவ்வுகிற பேட்டில் தொடங்கி பேட்டிலேயே முடியும். எந்தப் பேட், என்ன விலை, யாரிடம் கிடைக்கும். பிரேக் பிடித்த சூடு எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. என் பழைய ஹொண்டா சிவிக் காரின் முன் பிரேக்குகளுக்குக் காற்றுக்குழாய் போட்டு முடித்துவிட்டேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தம்பிமார் பலர் இப்போது ஓடுபாதைக்கு வரத் தொடங்கியிருப்பதால், செய்த வேலையை விவரமாக எழுதுகிறேன்.

மலையில் வளர்ந்த எங்களுக்கு மோட்டார் ஓட்டம் என்றால் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டதான். 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி அது. ஏப்ரல் சீசனில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு வண்டிப் பைத்தியமே பிடித்தது. ஆனால் மகாகஸ்தோட்டவுக்கும் அதே மாதிரி மலையேற்றம் நடக்கும் ரதல்லவுக்கும் மட்டும் போகிற வண்டிக்கு இந்த வேலை தேவையே இல்லை. அங்கே ஓட்டம் மேல்நோக்கி. வேகத்தைக் குறைக்க மேடே பாதி வேலையைச் செய்துவிடும். டிஸ்க் சூடேறும் முன்னே ஓட்டம் முடிந்துவிடும்.

கட்டுகுருந்த வேறு. களுத்துறைக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகக் கட்டிய ஓடுபாதை. தட்டைத் தரை, கடலோர வெக்கை. நேர்ப்பாதையில் முழு வேகம், முடிவில் இறுக்கமான திருப்பம், மறுபடி வேகம், மறுபடி பிரேக். சுற்றுக்குச் சுற்று இதுவே.

ஒரு கணக்கைப் பாருங்கள். என்னையும் சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு இறக்கினால், ஏறக்குறைய 680 கிலோஜூல் சக்தி மூன்றே விநாடியில் வெப்பமாக மாறுகிறது. முன்சில்லு இழுக்கும் வண்டியில் அதில் பெரும்பங்கு, சுமார் 70 சதவீதம், முன் பிரேக்குகளுக்குப் போகும். ஒரு முன் டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால், அந்த ஒரு மிதிக்கே அதன் சூடு சுமார் 100 பாகை செல்சியஸ் ஏறும். அடுத்த திருப்பம் வருவதற்குள் அந்த நூறு பாகையும் காற்றோடு போயாக வேண்டும். போகாமல் மிச்சம் நிற்கிற சூடு ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே வரும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நாலு மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம். எஞ்சினுக்கு வேலை செய்து நேர்ப்பாதை வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்கு முதலில் பிரேக்கில்தான் குறை தெரிவது இதனால்தான்.

சூடு மிஞ்சினால் பெடல் இரண்டு விதமாகச் சொல்லும். கால் வைத்தால் பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி தளர்ந்து தரையை நோக்கிப் போகிறது என்றால் பேட்டை அழுத்துகிற கலிபருக்குள் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. இரண்டாவதுதான் பயங்கரமானது. முதலாவதில் வலுவாக மிதித்தால் கொஞ்சமாவது பிடிக்கும். இரண்டாவதில் மிதிக்க எதுவும் இருக்காது.

அதனால் குழாய்க்கு முன்னால் ஒயில். டொட் 4 தர பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரப்படி இருக்க வேண்டிய கொதிநிலை 155 பாகைதான். டொட் 5.1க்கு இந்த எண்கள் 260, 180. மாதக்கணக்கில் பனியும் தூறலும் ஓயாத எங்கள் பக்கத்தில் பழைய ஒயிலை வைத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாலு சில்லிலும் பழைய ஒயிலை முழுதாக வெளியேற்றி, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஊற்றுங்கள். பாதி மிச்சமிருந்த பழைய போத்தல் வேண்டாம். இந்தச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவு எந்தப் பேட்டையும் விடப் பெறுமதி.

இனி காற்று.

முன் டிஸ்க் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் தடுப்புகளும் உள்ள காற்றோட்ட டிஸ்க். சுழலும்போது அது தானே ஒரு விசிறி. சில்லு பொருந்துகிற ஹப்பை ஒட்டிய நடு வாயால் காற்றை இழுத்து வெளி விளிம்பால் தள்ளும். ஆகவே குழாயின் வாய் பார்க்க வேண்டிய இடம் அந்த நடு வாய். பலர் குழாயை டிஸ்கின் உள் முகத்தைப் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். அப்போது உள் முகம் மட்டும் குளிர்ந்து வெளி முகம் சூடாகவே நிற்கும். இரண்டு முகத்துக்கும் சூடு வேறுபட்டால் டிஸ்க் கோணும், வெடிப்பும் விழும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக வேலை செய்கிறவன். கொழுந்து வாட்டும் தொட்டியில் விசிறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பக்கப் பலகையில் ஒரு விரற்கடை இடுக்கு இருந்தால் காற்று அதன் வழியாகப் போய்விடும், கடைசியில் கிடக்கிற கொழுந்து வாடாது. பிரேக் குழாயும் அப்படியேதான். முன்னால் பெரிய வாய் வைத்துவிட்டு, டிஸ்குக்கு அரை அடி முன்பே குழாயை முடித்தால் காற்று சில்லுக் கூட்டுக்குள் சிதறிப் போகும். கடைசி இணைப்புத்தான் எல்லாம்.

என் வண்டியில் பம்பரின் பொக் லைட் (மூடுபனி விளக்கு) இடங்களைக் காற்று வாயாக்கினேன். வண்டி ஓடும்போது முன்பக்கம் காற்றழுத்தம் கூடின இடம் அது. ஹட்டனில் டின்கரிங் பாஸ் ஒருவர் மெல்லிய அலுமினியத் தகட்டில் இரண்டு புனல் அடித்துத் தந்தார். குழாய்க்கு இரண்டரை அங்குல சிலிக்கன் ஹோஸ், உள்ளே கம்பிச் சுருள் உள்ளது. தண்ணீர்க் குழாய், பிளாஸ்டிக் நெளிகுழாய் எதுவும் இங்கே கூடாது. டிஸ்குக்குப் பக்கத்தில் உருகிவிடும். பிறகு பேக்கிங் பிளேட், அதாவது டிஸ்குக்குப் பின்னால் உள்ள தகடு. அசலைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய சோடி ஒன்றை வெட்டினோம். நடு வாய்க்கு நேரே துளை போட்டு, இரண்டரை அங்குலக் கழுத்து ஒன்றை ஒட்டவைத்தோம். தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில்லைத் தாங்கித் திரும்பவிடும் போல் ஜொயின்டின் ரப்பரை டிஸ்க் சூட்டிலிருந்து காப்பது அந்தத் தகடுதான். எங்கள் தோட்டப் பாதைச் சேற்றையும் கல்லையும் தடுப்பதும் அதுவே.

அதிக நேரம் எடுத்தது ஹோஸ் போகிற வழி. ஓடுபாதையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கிற சந்தர்ப்பமே வராது. எங்கள் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி முடக்கிலும் ஒடித்தாக வேண்டும். அதனால் ஜாக்கில் சில்லைத் தூக்கி வைத்துப் பார்ப்பது போதாது. பாரம் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில், இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் ஹோஸைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் தொட்டது. உள் மட்கார்டில் ஒரு பிடி வைத்து ஹோஸை மேலே தூக்கிக் கட்டிய பிறகுதான் சரி வந்தது. பிரேக் ஒயில் குழாயையும் ஹோஸையும் ஒரே கேபிள் டையில் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒன்று இழுபட்டால் மற்றதும் இழுபடும்.

பலன் தெரிந்துகொள்ள வெப்பமானித் துப்பாக்கி போதாது. வண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் டிஸ்க் ஆறிவிடும். டிஸ்க் விளிம்பில் பூசுகிற வெப்பச் சாயம் இருக்கிறது: பச்சை 430 பாகையிலும், செம்மஞ்சள் 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். எட்டிய உச்சச் சூட்டை அது பதிந்து வைத்திருக்கும். குழாய் போடும் முன் என் டிஸ்கில் பச்சையும் செம்மஞ்சளும் வெளுத்திருந்தன. போட்ட பிறகு, அதே பேட், அதே ஒயிலோடு, பச்சை மட்டும் வெளுத்தது. செம்மஞ்சள் பூசினபடியே இருந்தது. அதைக் குனிந்து பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுவதையும், நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாமல் சில்லுக்குக் கல் வைப்பதையும் இப்போதும் விடவில்லை.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, இந்தக் குழாயப் போட்டுட்டா ரம்பொடை எறக்கத்துல பிரேக்கப் புடிச்சிக்கிட்டே வந்துரலாம் தானே?”

இல்லை தம்பி. குழாய்க்குள் காற்றைத் தள்ளுவது வண்டியின் வேகம். முடக்கு முடக்காக 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது குழாயில் காற்று இருக்காது, டிஸ்கும் மெல்லத்தான் சுழலும். 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவின் காற்றே களுத்துறைக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு 1,400 மீற்றர் அளவு இறக்கம். அதே 1,100 கிலோ வண்டிக்கு அது 15 மெகாஜூலுக்கும் மேல். ஓடுபாதையில் 140இலிருந்து 60க்கு இருபது முறைக்கு மேல் பிரேக் பிடிப்பதற்குச் சமம், அதுவும் வீசுகிற காற்று இல்லாமல். அந்தச் சூட்டை எஞ்சின்தான் வாங்க வேண்டும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஆட்டோ கியர் வண்டி என்றால் ‘L’ என்ற தாழ் கியரில் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள். பிரேக் விட்டுப்போன வண்டிகளின் கதை நம் ஊரில் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. என் வண்டியில் குழாய் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவரும் கியரை மறக்கக் கூடாது.

மழைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கட்டுகுருந்தவிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக வீடு திரும்பும்போது மழை கிடைக்காத நாள் அரிது. திறந்த குழாய் அந்தத் தண்ணீரையும் சேற்றையும் நேரே சூடான டிஸ்குக்குக் கொண்டுபோகும். புனல்களுக்கு அளவாக இரண்டு அலுமினிய மூடி செய்து, வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வீதிக்கு ஏறுமுன் மாட்டிவிடுவேன்.

ஹோஸ் கிளிப்புகள் ஓடின பிறகு தளரும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சிவிக் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கழுத்தின் அளவு அட்டையை வெட்டி வைத்திருக்கிறேன். பழைய பேக்கிங் பிளேட் சோடி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸின் கராஜில் இருப்பேன்.