இரண்டாம் மிதியில் எழுந்த பெடல்

திருவட்டாறு பக்கம் எங்களுக்கு இருக்கும் சிறிய ரப்பர் விளையிலிருந்து ஷீட்டும், இடையிடையே வாழைக்குலையும் மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோவதற்காகப் பழைய மினி டெம்போ ஒன்றை வைத்திருக்கிறேன். எனக்கு முன்பு அதை வைத்திருந்தவர் குளச்சலிலிருந்து மீன் லோடு ஓட்டியவர். ஐஸ் உருகி வழிந்த உப்புத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்த வண்டி என்பதால், மேலே பெயிண்ட் பளபளத்தாலும் அடியில் தொட்ட இடமெல்லாம் துரு உதிரும். சென்ற ஆடி மழையில் பின்சக்கரங்களிலிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தபோது, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கம் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூக்களையும், ஆயிலின் அழுத்தத்தில் அந்த ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகளையும் நானே மாற்றிவிடலாம் என்று துணிந்தேன். அந்தத் துணிச்சலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பாட்டில் பிரேக் ஆயிலும் விலையாகப் போயின.

கழற்றி மாட்டுவதில் பெரிய சிக்கல் எழவில்லை. ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடுவதற்காக வீல் சிலிண்டர்களில் இருக்கும் சிறு திருகுகளான நிப்பிள்கள் மட்டும் அசைய மறுத்தன. துரு நீக்கும் எண்ணெயை இரவே அடித்து ஊறவைத்து, காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, திறந்த ஸ்பேனருக்குப் பதிலாக ரிங் ஸ்பேனர் போட்டுத் திருப்பிய பிறகே அவை வழிக்கு வந்தன. எல்லாம் முடித்துக் காற்றும் எடுத்துவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்தபோது, பெடல் ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் அமுங்கித் தரையைத் தொட ஒரு விரல்கடை இருக்கையில்தான் நின்றது.

காற்று இன்னும் இருக்கிறது என்று முடிவுகட்டி மறுபடியும் எடுத்தேன், அதற்கு மேலும் ஒரு முறை எடுத்தேன். நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழே இல்லாமல் ஆயில் தெளிவாக வந்தும் பெடல் பழையபடியே கிடந்தது. தக்கலையில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கும் அண்ணாச்சி ஒருவரைக் கடைசியில் அழைத்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அடுத்தடுத்து ரெண்டு தடவ மிதிச்சா மேல வருதா மக்களே? வந்தா, அங்க கல்லு மாதிரி நிக்குதா, அப்பவும் பஞ்சு மாதிரிதானா?"

இரண்டாம் மிதியில் பெடல் பாதிக்கு மேல் எழுந்தது, எழுந்த இடத்தில் ஓரளவு கெட்டியாகவும் நின்றது. அப்படியென்றால் முதல் நோய் காற்று அல்ல, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளி என்றார் அவர். பெடல் தாழ்ந்து போவதும் பெடல் மெத்தென்று இருப்பதும் வேறு வேறு கோளாறுகள் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் வீல் சிலிண்டரின் விட்டமும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து நான்கு பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், அதற்குரிய ஆயிலைத் தள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 4 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புவிகிதம் நான்குக்கு ஒன்று, அதாவது பெடல் 4 மில்லிமீட்டர் இறங்கினால் அந்தப் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகரும் என்றால் காலடியில் 16 மில்லிமீட்டர் வீணாகிறது. இடைவெளி 2 மில்லிமீட்டர் ஆனால் 32. பெடலின் மொத்த ஓட்டத்தில் பெரும்பங்கு, ஷூக்கள் டிரம்மைத் தொடுவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. விரைவாக இரண்டாம் முறை மிதிக்கும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கின் இழுப்பில் முழுதாகத் திரும்பியிருக்காது, பிரேக் ஆயில் டாங்கியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயிலும் உள்ளே வந்திருக்கும், அதனால் பெடல் உயரும்.

என் டிரம்களோ உள்பக்கம் தேய்ந்து, விளிம்பில் நகம் தட்டும் அளவுக்கு வரம்பு கட்டியிருந்தவை. அந்த வரம்பைத் தாண்டி டிரம் ஏறுவதற்காக, ஷூக்களை விரிக்கவும் சுருக்கவும் உள்ள அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே சுருக்கிவிட்டு, ஏறியபின் அதைத் திரும்ப விரிக்க மறந்திருந்தேன். பின்தட்டிலுள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரின் நட்சத்திரப் பல்லை ஒவ்வொன்றாகத் தள்ளி, சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகும்வரை விரித்து, பிறகு லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குச் சில பல் பின்வாங்கினேன். இதைச் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்க வேண்டும். அது ஷூக்களை இழுத்துப் பிடித்திருந்தால் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

பெடல் உயரத்துக்கு வந்தது, ஆனால் அடியில் மெல்லிய துள்ளல் இன்னும் மிச்சமிருந்தது. இதுதான் உண்மையான காற்று. அதை உறுதிசெய்ய அண்ணாச்சி சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டாங்கியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் பெடலைப் பலமுறை விரைவாக மிதித்துக் கடைசியில் அமுக்கிப் பிடித்துச் சட்டென்று விட வேண்டும். உள்ளே காற்று இறுகியிருந்தால் அது விரிந்து ஆயிலைப் பின்னோக்கித் தள்ள, டாங்கியில் சிறு ஊற்றுப்போல் எழும். என் டாங்கியில் எழுந்தது, ஒரு துளி தெறித்து மட்கார்டிலும் விழுந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

மூன்று முறை எடுத்தும் அந்தக் காற்று ஏன் வெளியேறவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் கிடைத்தன. முதலாவது, நான் ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு அடியில் கொடுத்திருந்ததால் பின் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. லோடு ஏற்றும் பல சிறு வண்டிகளில், பாரத்துக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸில் இருக்கும், அதை ஒரு கம்பி அச்சோடு இணைத்திருக்கும். அச்சு தொங்கினால் வண்டி காலியாக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த வால்வு பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறுக்கிவிடும். நிப்பிளில் ஆயில் சோம்பலாக வடிந்ததன் காரணம் அதுதான். ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் மாற்றி, வண்டியின் எடையை அதன்மேல் இறக்கி எடுத்தபோது இடது பின்சக்கரத்திலிருந்து குமிழ்கள் கொத்தாக வந்தன.

இரண்டாவது காரணம் பெடலில் உட்கார்ந்திருந்த என் அக்காள் மகன். "மிதி, பிடி" என்று நான் சொல்வதையெல்லாம் சரியாகவே செய்தான், ஆனால் நான் நிப்பிளை மூடுவதற்கு அரை நொடி முன்பே காலை எடுத்துக்கொண்டிருந்தான். அந்த அரை நொடியில் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். "மூடியாச்சுன்னு நீங்க சொல்லலியே மாமா" என்று அவன் கேட்டது நியாயம்தான், தவறு என்னுடையது. அதற்குப் பிறகு நான் "விடு" என்று சொன்னால்தான் கால் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம். அமெரிக்க வீடியோக்களில் வலது பின்சக்கரத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள், ஏனெனில் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட நம் வண்டியில் இடது பின்சக்கரமே முதலில் வரும். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்துக் காற்று எடுப்பதையும் அண்ணாச்சி கண்டித்தார். பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், அங்கே போய்வந்தால் ரப்பர் கப் கிழியலாம். கிழிந்தால் அதன் அடையாளம் தனி: ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்றை வைத்து மிதிப்பது அவருடைய வழி.

வடித்த ஆயிலை நான் மீண்டும் ஊற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பாட்டிலில் போட்டிருக்கும் டாட் என்பது ஆயிலின் தரக் குறியீடு. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்கான வரம்போ 140தான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், மூடி திறந்த பாட்டிலை ஷெட்டில் வைத்துப் பிறகு ஊற்றுவது சரியல்ல. சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, நேற்றுவரை கெட்டியாக இருந்த பெடல் இன்று அமுங்கும்.

எஞ்சினை நிறுத்தி, பெடலைச் சில முறை மிதித்து, காலின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்தபோது பெடல் சற்றே இறங்கி நின்றது. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. முதலில் முற்றத்திலேயே நடைவேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்தேன், பிறகு வண்டியைக் காலியாகவே வேர்கிளம்பிவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியாகத்தான் இழுத்துக் கட்டினேன். புதன்கிழமை ஷீட் ஏற்றிக்கொண்டு ஆற்றூர் வழியாக மார்த்தாண்டம் போனபோது, பெடல் முதல் மிதியிலேயே நின்றது. பக்கத்து சீட்டிலிருந்த மருமகன்தான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் தன் காலையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தான்.