எட்டுப் போட்டுக் கிடந்த எல்லைக்கோடு

நேற்று முழுக்க ஒரே ஒரு எரரோடு மல்லுக்கட்டினேன். வரைபடத் தரவுக்கான டேட்டாபேஸான போஸ்ட்ஜிஐஎஸ்-இல் இரண்டு லேயர்களை (வரைபட அடுக்குகளை) ஒன்றோடொன்று வெட்டிப் பார்க்கும் குவெரி, பாதியிலேயே 'டோபாலஜி எக்ஸெப்ஷன்' என்று நின்றுவிடும்.

வடிவம் ஏன் செல்லாது என்று சொல்லும் எஸ்டி_இஸ்வேலிட்ரீசன் ஃபங்ஷனைப் போட்டதும் காரணத்தோடு ஆயத்தொலைவும் கிடைத்தது. அந்த இடத்தை, வரைபடத்தைத் திரையில் காட்டும் கியூஜிஐஎஸ்-இல் ஜூம் செய்தேன். ஒரு பாலிகனின் (பலகோண வடிவத்தின்) நான்கு முனைகளில் இரண்டு வரிசை மாறி, எல்லைக்கோடு தன்னையே குறுக்கே வெட்டி எட்டு வடிவத்தில் கிடந்தது! இப்படி இருந்தால் பரப்பளவும் தப்பாகத்தான் வரும். ஒரு பாதி கூடும், மறுபாதி கழியும்.

இதைச் சரிசெய்யப் பலரும் சொல்லும் குறுக்குவழி, வடிவத்தைச் சுற்றி விரிக்கும் எஸ்டி_பஃபரில் தூரமாக 0 கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். எட்டின் ஒரு பாதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். செல்லாத வடிவத்தைச் சரிசெய்யும் எஸ்டி_மேக்வேலிட் இரண்டு பாதியையும் காப்பாற்றுகிறது. சில சமயம் பாலிகனோடு கோடும் புள்ளியும் கலந்த தொகுப்பாகத் திரும்பும், பாலிகன்களை மட்டும் வாங்கும் மல்டிபாலிகன் நெடுவரிசை அதை ஏற்காது. அப்போது எஸ்டி_கலெக்‌ஷன்எக்ஸ்ட்ராக்டில் 3 கொடுத்தால் பாலிகன் மட்டும் மிஞ்சும்.

அப்புறம், திருத்தும் முன் மூல வடிவத்தைத் தனி நெடுவரிசையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்ததால்தான் முன்னும் பின்னும் பரப்பளவை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.